அம்பலவாணர் நகரின் ஆமை வீடு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சிமெண்டையும் மணலையும் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதெல்லாம் உங்கள் படிப்பில் இருக்கிறது, என் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. பேரிடருக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் நான் தடுமாறிய இடங்கள் எல்லாம் வேறு. சுவர் எழுப்பி, கூரை போட்டு, சாவியையும் கொடுத்த பிறகு, அந்தச் சுவர் யாருடையது என்று ஒரு கேள்வி வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது ஆறு வருடம் கழித்து வந்தது. ஓர் ஆமையைப் பற்றிய கேள்வியாக வந்தது.

தேதி வரிசை மாறாமல் சொல்வது என் பழக்கம். அப்படியே சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருந்த ஒரு மீனவ ஊருக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பு எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வந்தது. பழைய ஊர் கடலோரம் இருந்தது. புது இடம் உப்பங்கழிக்கு மேற்கே, சதுப்பை ஒட்டிய மேட்டில். 2005 நடுவில் அஸ்திவாரம் போட்டோம். 2006 ஆவணியில் அறுபத்துச் சொச்சம் வீடுகள் தயார். நான் அங்கே கள மேற்பார்வையாளன். சனங்கள் என்னை ‘சூப்ரவைசர் சார்’ என்பார்கள்.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே வெள்ளை. கதவுக்கு மேலே சுவரில் எண் எழுதியிருந்தோம். யார் எண்ணைப் பார்த்தார்கள்? குலுக்கல் முறையில் வீடு கொடுத்ததால் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் தெருத்தெருவாகப் பிரிந்து கிடந்தார்கள். பாதி வீடுகளுக்கு மட்டும் சாவி கொடுத்துக் குடியேற்றிய முதல் வாரத்தில் கடலிலிருந்து விடியற்காலையில் திரும்பிய ஒருவர், தன் வீடு என்று நினைத்து வேறு வீட்டுக் கதவை உதைத்து, “ஏ, தண்ணி கொண்டா!” என்று கத்தினார். கதவைத் திறந்த அம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையிலேயே ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்குள் எங்களுக்கு ஒரு பெரியவர் பழக்கமாகியிருந்தார். பெயர் அம்பலவாணன். சிதம்பரத்துக்காரர். மீன், நண்டு, பறவை என்று ஆராய்ச்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தே முடி நரைத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. காலைப் பேருந்தில் வந்து எங்கள் மணல் குவியலில் உட்கார்ந்து, சதுப்பில் நிற்கும் பறவைகளை வரைந்துகொண்டிருப்பார். பள்ளிக்கூடப் பக்கமே வேலை பார்த்ததில்லை என்றாலும் சனங்களுக்கு அவர் ‘ட்ராயிங் சார்’.

குடம் தண்ணீர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தவர் அவர்தான். “எண்ணுக்குப் பதிலா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உயிரப் போட்டுடலாமே” என்றார். எங்கள் தலைமைப் பொறியாளர் மிச்சமிருந்த எனாமல் டப்பாக்களை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

என்ன படம் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டோம். எல்லோருக்கும் வஞ்சிரம் வேண்டுமாம்.

“எல்லா வீட்டுலயும் வஞ்சிரம் போட்டா மறுபடியும் தண்ணிதான் ஊத்துவாங்க” என்றார் ட்ராயிங் சார். ஒரு வீட்டுக்கு ஒரு உயிர் என்று முடிவாகி, அதற்கும் குலுக்கல் நடந்தது. நாரை வந்தது, கூழைக்கடா வந்தது, நீலக்கால் நண்டு வந்தது, திருக்கை வந்தது. கலியபெருமாள் என்பவர் கைக்கு ஆமை வந்தது.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். கடலில் ஆமையைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர்கள்கூட அது தங்கள் வீட்டு வாசலுக்கு வருவதை விரும்ப மாட்டார்கள். வந்தால் வீடு விளங்காது என்பது நம்பிக்கை. கலியபெருமாளின் மனைவி பூங்காவனம், பால் காய்ச்சக் கொண்டுவந்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் காலே வைக்க மாட்டேன் என்று தெருவில் நின்றுவிட்டாள்.

ட்ராயிங் சார் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு தெரு நெடுக நடந்தார். “யாருப்பா ஆமைய எடுத்துக்கறீங்க? யாராச்சும் ஒருத்தரு மாத்திக்குங்க.” முதல் இரண்டு தெருவிலும் ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவது தெருவில் ராசமாணிக்கம் என்பவர் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குலுக்கலில் மீன்கொத்தி வந்திருந்தது. நல்ல படம். மீன் பிடிக்கிறவன் வீட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

“எங்கிட்ட தள்ளுங்க சார்” என்றார் ராசமாணிக்கம். “ஆம வலையில மாட்டுனா வலைய அறுத்து வுடறவன் நானு. அது என்னா எங்கிட்ட வம்புக்கா வரப்போவுது?”

ட்ராயிங் சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தலை கிழக்கே இருக்கும்படி, கடலை நோக்கிப் போகிற ஆமையாகவே வரைந்தார். “பாத்துக்கப்பா, இது வீட்டுக்குள்ள வர்ற ஆமை இல்ல. கடலுக்குப் போற ஆமை.” ராசமாணிக்கத்தின் மீன்கொத்தி கலியபெருமாள் வீட்டுக்குப் போயிற்று. பூங்காவனம் பால் காய்ச்சினாள். நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

சாவி கொடுத்து முடித்த அன்று எங்கள் தலைமைப் பொறியாளர் என்னிடம் சொன்னார்: “இனிமே இதெல்லாம் அவங்க செவுரு. நம்ம சுத்தியல் அது மேல படணும்னா அவங்களக் கேட்டுட்டுத்தான் படணும்.” அப்போது அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது.

குடியிருப்புக்குப் பெயர் வைப்பதில் தகராறு வந்தது. ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் பெயரைச் சொன்னார்கள், மற்றவர்கள் தங்கள் தலைவர் பெயரைச் சொன்னார்கள். நீல வண்ணம் அடித்த பலகை ஐப்பசியிலிருந்து தை வரை வெறுமையாக நின்றது. அதற்குள் டவுன் பஸ் கண்டக்டருக்கு அது ‘படம் போட்ட காலனி’ ஆகிவிட்டது. கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்தில் யாரோ எழுந்து, “போர்ட காலியா வுட்டா எவனாச்சும் வந்து எதையாச்சும் எழுதிட்டுப் போயிடுவான். படம் போட்டவரு பேரையே எழுதுங்க, அவருக்குத்தான் கட்சி இல்ல” என்றார். யாரும் தோற்காத ஒரு வழி கிடைத்துவிட்டது.

ட்ராயிங் சார் பதறினார். “உயிரோட இருக்கறவன் பேர வைக்காதீங்கப்பா, ஆயுசு கொறையும்பாங்க.”

“ஒங்களுக்கு எழுவது தாண்டிடுச்சி சார். இனிமே கொறையறதுக்கு என்னா இருக்குது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவரே முதலில் சிரித்தார். அப்படித்தான் அது அம்பலவாணர் நகர் ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு மாசி மகத்துக்கும் வருவார். உப்புக் காற்றில் உரிந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்துவிட்டுப் போவார்.

2010இல் சிதம்பரத்தில் அவர் காலமானார். அன்று அம்பலவாணர் நகரில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. தங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் எப்படியோ அப்படி. இரண்டு வேன் பிடித்துப் போய் எடுக்கும் வரை நின்றுவிட்டு வந்தார்கள். அந்த வாரமே ஊர்க் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்: சார் போட்ட எந்தப் படத்தையும் யாரும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. உரிந்தால் இருந்தது போலவே திரும்ப வரைய வேண்டும். மீறினால் கோயிலுக்கு அபராதம். மாசி மகத்தன்று பெயர்ப் பலகைக்குக் கீழே அவர் போட்டோவை வைத்து மாலை போட்டு விளக்கேற்ற வேண்டும்.

இதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த வழியில் ஒரு மனிதரை மதித்தார்கள். ஆனால் அந்த மரியாதையின் பாரம் எல்லா வீட்டின் மேலும் ஒரே மாதிரி இறங்கவில்லை.

ராசமாணிக்கம் மஞ்சள் காமாலையில் 2008லேயே போய்விட்டிருந்தார். மனைவி அஞ்சலையும் மகள் கவிதாவும் ஆமை வீட்டில் இருந்தார்கள். அவர் இறந்ததற்கு ஆமையைக் காரணம் காட்டிச் சிலர் முணுமுணுத்தபோது அஞ்சலை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் துறையில் மீன் எடுத்து, கூடையோடு குறிஞ்சிப்பாடி வரை போய் விற்று வருகிறவளுக்கு முணுமுணுப்பைக் கேட்க நேரம் ஏது? மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் கஷ்டம் தொடங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், உள்ளே வந்து டீ குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. இப்படி இரண்டு இடம் போயிற்று.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் நிறுவனம் என்னை மறுபடியும் அம்பலவாணர் நகருக்கு அனுப்பியது. பல வீடுகளில் கூரை ஓடு பறந்திருந்தது, சுவர்ப் பூச்சு பாளம் பாளமாக விழுந்திருந்தது. நாரைக்குக் கால் இல்லை, திருக்கைக்கு வால் இல்லை. மூன்றாவது தெருவில் ஆமை மட்டும் அடித்த வண்ணம் மாறாமல் அப்படியே இருந்தது.

ஊர்த் தலைவராக இப்போது கலியபெருமாள் இருந்தார். ஆமையை மாற்றிக்கொண்ட அதே கலியபெருமாள். நல்ல மனிதர், சொன்ன சொல் மாறாதவர், கொஞ்சம் முரடு. நிவாரண வேலையில் அவர் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு ஓடுகூட நாங்கள் ஏற்றியிருக்க முடியாது.

மாசி மகத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, அஞ்சலை எங்கள் கொட்டகைக்கு வந்தாள். மீன் கூடையை வெளியிலேயே இறக்கி வைத்தாள்.

“சார், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா திட்டக் கூடாது.”

“சொல்லும்மா.”

“கிள்ளையிலேர்ந்து வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வராங்க. பையன் டிப்ளமா படிச்சிட்டு கடலூர்ல வேல செய்யறான். நல்ல எடம் சார். இதுவும் போச்சுன்னா அவளுக்கு அப்புறம் எப்ப வரும்னு எனக்குத் தெரியல.” தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஊர்ல பாதி செவுரு வுழுந்து கெடக்குது. என் செவுத்துல அந்த எடத்த மட்டும் ரெண்டு தட்டு தட்டி வுட்டுடுங்க. காத்து மேல பழியப் போட்டுடலாம். புயலுக்கு யாரு சார் அபராதம் போடுவா?”

நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். 

மேஸ்திரி ஏழுமலை, பக்கத்தில் கரண்டி கழுவிக்கொண்டிருந்தவர், “இதுல யோசிக்க என்னா சார் இருக்குது? அஞ்சு நிமிச வேல. வாங்க, நான் அடிக்கறேன்” என்று கிளம்பிவிட்டார். ஊரில் ஆண்கள் எல்லாம் துறையில் இருந்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு விதவையின் வீட்டுக் காரியம், தடுக்கிறவர் யாரும் இல்லை, கையில் சுத்தியல் இருக்கிறது. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை தானாக ஓங்கும்.

நானும் போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். பூச்சு கல்லாட்டம் இருந்தது. தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

“அஞ்சல, இத ஒடச்சா என்னா ஆவும்?”

“ஆம போயிடும்.”

“போனப்பறம்? ஒடஞ்ச செவுத்துக்கெல்லாம் இருந்த படத்தையே திரும்பப் போடணும்னு ஊர் சொல்லியிருக்குல்ல. பூச்சு காஞ்ச ஒடனே போட் நம்பர் எழுதுற பெயிண்டர் வந்து இதே ஆமையப் போட்டுட்டுப் போவான். வெள்ளிக்கிழமைக்கு வேணா தப்பிக்கலாம். கல்யாணம் வரைக்கும் எத்தினி தடவ ஒடைக்கறது?”

அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். “அப்ப நான் என்னாதான் சார் பண்றது?”

“மாத்தலாம்னு ஊர் சொல்லணும். அதத் தவுர வேற வழி கெடையாது.”

“ஊருன்னா கலியபெருமாள் மாமாதான். அவரு ஒத்துக்குவாரா? அவரு வூட்டுலதான என் மீன்கொத்தி இருக்குது.” இதைச் சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க சார்.”

அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. படம் மாறியபோது தெருவே பார்த்தது. ஆனால் கலியபெருமாள் தலைவரான பிறகு யாரும் அதைப் பேசவில்லை. பேசாமல் இருந்து இருந்து, ட்ராயிங் சார் என்றைக்கும் எதையும் மாற்றியதே இல்லை என்பது போல ஆகிவிட்டது.

அன்று மத்தியானமே தலைவரைப் பார்க்கப் போனேன். மீன்கொத்திக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலையின் மகளுக்கு வரன் வருகிற விஷயத்தைச் சொல்லி, படம் மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். என்னை முடிக்க விடவில்லை.

“ஒரு வூட்டுக்கு வுட்டா நாளைக்கு நண்டு வூட்டுக்காரன் வருவான், காக்கா வூட்டுக்காரன் வருவான், எல்லாருக்கும் வஞ்சிரம்தான் வேணும்பான். அந்த மனுசன் பேர வச்சிருக்கிற ஊரு சார் இது. அவரு போட்டத அழிச்சா நாங்க மனுசங்களா? இது உங்க ஓடு, சிமெண்டு விசயம் இல்ல. பேசணும்னா சாயங்காலம் ஊர்ல வந்து பேசுங்க.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் பதினைந்து வீட்டுக்காவது கூரை பாக்கி. தலைவர் முகம் சுளித்தால் ஆட்கள் ஓடு தூக்க வர மாட்டார்கள். தார்ப்பாய்க்குக் கீழே குழந்தைகளோடு படுத்திருக்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகப் பதினைந்து குடும்பத்தைப் பணயம் வைக்கலாமா? நான் நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மாலை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. கொஞ்சம் தள்ளி, குழாயடிக்குப் பக்கத்தில் நின்று கேட்பார்கள். அஞ்சலை அந்தக் கும்பலில் பின்னால் இருந்தாள். தலைவர் விஷயத்தைச் சொல்லி, “சூப்ரவைசர் சார் பேசணுங்கறாரு” என்றார்.

நான் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை. அப்படி வைத்தால் சரி, முடியாது என்ற இரண்டே பதில்தான் கிடைக்கும். நடந்ததை மட்டும் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்.

“2006 ஆவணியில படம் போட்டப்ப நான் ட்ராயிங் சார் கூடவே இருந்தேன். ஒரு வீட்டுக்கு ஆமை விழுந்துது. அந்த வீட்டம்மா பால் பானையோட தெருவுல நின்னுட்டாங்க. சார் கோவிச்சுக்கல. குலுக்கல்ல வந்தது வந்ததுதான்னு சொல்லல. தூரிகையக் காதுல சொருகிக்கிட்டு யாரு மாத்திக்கறீங்கன்னு தெருத்தெருவா கேட்டாரு. ராசமாணிக்கம் வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்பறம்தான் அந்த வீட்டுல பால் காய்ச்சினாங்க. சார் மாத்துன படம் அது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.”

எந்த வீடு என்று சொல்லாமல் உட்கார்ந்தேன்.

மணலைக் கிளறிக்கொண்டு எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். தலைவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். என் மனதில் பதினைந்து கூரைகளும் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது.

அப்போது குழாயடியிலிருந்து ஒரு குரல், குடம் வைக்கிற சத்தத்தோடு வந்தது.

“என்னா எல்லாரும் ஊமக்கோட்டானாட்டம் ஒக்காந்திருக்கீங்க? எந்த வூடுன்னு தெரியாதா? எங்க வூடுதான்! பானையோட நின்னது நான்தான்!”

பூங்காவனம்.

“ஏ, நீ செத்த சும்மா இரு” என்றார் தலைவர்.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? ஆறு வருசமா சும்மாதான இருந்தேன். அந்தண்ணன் எனக்காவ வாங்கிக்கிச்சி. அது போய்ச் சேந்துட்டுது. அந்தப் பொண்ணு இப்ப வாசல்ல ஆமையோட நிக்குது. நான் மீன்கொத்திக்குக் கீழ ஒக்காந்து கொழம்பு வக்கிறேன். வக்கற கொழம்பு தொண்டையில எறங்க வேணாமா?”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். தலைவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார்.

“அதுக்கு இப்ப என்னா பண்ணணுங்கற?”

“என்னா பண்றது? வாங்குனதத் திருப்பிக் குடு. ஆமைய நம்ம வூட்டுக்குக் கொண்டா.”

வட்டத்திலிருந்து தலைவரின் மைத்துனர் கேட்டார்: “மச்சான், ஒங்க வூட்டுல ரெண்டு பசங்க கல்யாணத்துக்கு நிக்கறானுங்களே. ஆம வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

இங்கேதான் விஷயம் முறிந்துவிடும் என்று நினைத்தேன். கலியபெருமாள் துண்டை மறுபடியும் தோளில் போட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது.

“பொண்ணு பாக்க நாமதானடா அவன் வூட்டுக்குப் போவோம். அவன் நம்ம வூட்டப் பாக்க வரும்போது தாலி கட்டி முடிஞ்சிருக்கும்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் பக்கம் அதைவிட அதிகம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே தலைவர் எழுந்து நின்றார். குரல் மாறியிருந்தது.

“சார் பேர வச்சிருக்கோம். அவரு என்னா செஞ்சாருன்னு மறந்துட்டோம். நானே மறந்தாப்புல இருந்துட்டேன். இனிமே அழிக்கக் கூடாதுங்கறது அப்பிடியே இருக்கட்டும். ஆனா மாத்திக்கலாம். எவன் வூட்டுப் படம் வேணுமோ அவன் ஒத்துக்கணும். ரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் ஒத்துக்கணும். வஞ்சிரத்துக்கு எவனும் ஒத்துக்கமாட்டான், அதனால அந்தத் தொல்ல இல்ல. எந்த மாத்தமா இருந்தாலும் மாசி மகத்தன்னிக்குத்தான். இந்தத் தடவ மட்டும் எங்க வூட்டுக்கும் அஞ்சல வூட்டுக்கும் மகத்துக்கு முன்னாடியே.” பிறகு என்னைப் பார்த்தார். “சூப்ரவைசர் சார், ஒங்ககிட்ட எனாமல் இருக்குதா?”

இருந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பது ஒன்றுதான். அன்று நான் அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருந்தால் அது ஒரு குற்றச்சாட்டாகியிருக்கும். தலைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசியிருப்பார், பூங்காவனமும் தன் புருஷன் பக்கம்தான் நின்றிருப்பாள். யாரும் தோற்காமல் ஒரு உண்மை வெளியே வருவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு உட்காருவது சுத்தியல் தூக்குவதைவிடக் கடினமாக இருந்தது. அது நிச்சயம் பலிக்கும் என்று எனக்கு அன்று தெரியாது. பூங்காவனம் அன்று தண்ணீர் பிடிக்க வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

போட் நம்பர் எழுதும் பெயிண்டர் பரங்கிப்பேட்டையில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவர் வருவதற்கில்லை. வியாழக்கிழமை காலை கலியபெருமாள் தானே ஸ்டூல் போட்டு ஏறினார். அவர் மகன்கள் இருவரும் அஞ்சலை வீட்டில் மீன்கொத்தியை வரையப் போனார்கள். மூங்கிலில் கட்டிய படுதாவுக்குப் பின்னால் தலைவர் வேலை செய்தார், யாரையும் பார்க்க விடவில்லை. படுதாவை எடுத்தபோது ஆமைக்குப் பூனை முகம் வந்திருந்தது. தலை மட்டும் சரியாகக் கிழக்கே இருந்தது.

“மீச ஒண்ணுதான் பாக்கி” என்றார் மைத்துனர்.

“ஏறி நீ போடு, பாக்கலாம்” என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை கிள்ளைக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். வேன் முதல் தெருவில் நின்றது. பையனின் அப்பா இறங்கியதும் கண்ணில் பட்டது கலியபெருமாள் வீட்டு ஆமை. அவர் நடை தயங்கியதை நான் எதிர்ப்புறக் கூரையிலிருந்து பார்த்தேன். தலைவர் வெள்ளை வேட்டியில் வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க, வாங்க. இது எங்க வூடு. ஆம எங்களுது. கடலுக்குப் போவுது, ஒண்ணும் செய்யாது. பொண்ணு வூடு மூணாவது தெருவுல, மீன்கொத்தி போட்டிருக்கும்.” சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஓடு பதித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தபோது இருந்த வெயில் சாய்ந்து, வேன் டிரைவர் சீட்டிலேயே தூங்கிவிட்ட பிறகும் அவர்கள் கிளம்பவில்லை. டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள். பிறகு பூங்காவனம் வெற்றிலைத் தட்டோடு தெருவில் ஓடுவதைப் பார்த்தேன். ஏழுமலை மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “முடிஞ்சிடுச்சி சார்” என்றார்.

அந்த வருட மாசி மகத்துக்கு நான் அங்கே இருந்தேன். கூரை வேலை முடிந்திருந்தது. காலையில் சாமி கடலுக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்துத் திரும்பியது. பெயர்ப் பலகைக்குக் கீழே ட்ராயிங் சாரின் போட்டோவை வைத்தார்கள். மாலை போட வந்தவரைத் தலைவர் தடுத்து, பலகைக்கு முன்னால் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைக்கச் சொன்னார். நீலம், சிவப்பு, பச்சை, எல்லாம் படகுக்கு அடித்து மிஞ்சிய வண்ணங்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து டப்பாக்களிலிருந்து தங்களுக்கு வேண்டியதை ஊற்றிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் தெரு முழுக்க ஸ்டூல்களும் ஏணிகளும் ஆள் உயரத்துக்கு நின்றன. நாரைக்குக் கால் முளைத்தது. திருக்கைக்கு வால் கொஞ்சம் நீளமாகவே வந்தது. நண்டு வீட்டுக்காரர் நண்டையே வைத்துக்கொண்டார், ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி நண்டைச் சேர்த்தார். அந்த வருடம்தான் அவருக்குப் பேரன் பிறந்திருந்தான். மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு அன்று வந்தது இரண்டு வீடுகள் மட்டுமே. மாற்றலாம் என்று சொன்ன பிறகு மாற்றுகிற ஆசை பலருக்குப் போய்விட்டது.

மூன்றாவது தெருவில் அஞ்சலை ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். கவிதா கீழே பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வைகாசியில் கல்யாணம்.

“என்னம்மா, நீயே ஏறிட்ட?” என்றேன்.

“பின்ன என்னா சார்? மாமா வூட்டுப் பசங்க போட்டது, மூக்கு பாருங்க, வெளக்குமாத்துக் குச்சியாட்டம்.” பிடரியில் ஒட்டிய முடியை மேல்கையால் தள்ளிவிட்டுத் தூரிகையைத் தோய்த்தாள். “இது எவ்ளோ பெரிய மீனத் தூக்குற மூக்குன்னு மீனு விக்கறவளுக்குத்தான சார் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்.”

தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு வாரம் முன்புவரை தன் சுவரில் இருந்ததைத் தொடப் பயந்த கை அது. இப்போது யாரையும் கேட்காமல் மூக்கை நீட்டிக்கொண்டே போயிற்று.

“அம்மா, போதும்மா, கதவத் தாண்டிப் போவுது!” என்று கவிதா கத்தினாள்.

“போவட்டும்டி” என்றாள் அஞ்சலை. “என் செவுரு.”